பளபளக்காத கலியமூர்த்தி

பட்டறைக்குள் வந்த சங்கத் தலைவர் தங்கதுரை சிலையைப் பார்க்கவில்லை. அலமாரியில் இருந்த வார்னிஷ் டப்பாவைத்தான் பார்த்தார்.

“அதையே நல்லா கனமா அடிச்சிடு பெயிண்டரு. கூட்டுரோட்டுல தூக்கினா அத்தினி பேருக்கும் கண்ணு கூசணும்.”

“கண்ணு கூசினா மூஞ்சி எப்பிடிங்கண்ணே தெரியும்?”

கேட்டது நான் இல்லை, வாசலில் நின்றிருந்த பச்சையம்மாள். சிலையில் இருந்தவர் அவளுடைய கணவர் கலியமூர்த்தி.

முந்தின வருஷம், எண்பத்தேழில், இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் சாலைகளை மறித்தபோது, கச்சிராயபாளையத்துக்கு இந்தப் பக்கம் உள்ள ஒரு கூட்டுரோட்டில் தடியடி நடந்தது. கரும்பு வெட்டும் கூலிக்காரரான கலியமூர்த்தி அன்று மறியலுக்குப் போனார். தலையில் அடிபட்டு அங்கேயே இறந்தார். அடியே விழவில்லை, சாலையின் குறுக்கே போட வெட்டிய மரம் சாய்ந்து செத்தார் என்றார்கள் அதிகாரிகள். கூட்டுரோட்டுக் கடைக்காரர்களைக் கேட்டால், கடையைச் சாத்திவிட்டுப் போய்விட்டோம், ஒன்றும் பார்க்கவில்லை என்றார்கள். பச்சையம்மாள் அவர்கள் யாரையும் திட்டவில்லை. “அவரு மூஞ்சிய நேருக்கு நேரா பார்த்துக்கினு அத சொல்லட்டும், போதும்” என்று மட்டும் சொல்லிவைத்தாள்.

மறியல் நடத்திய சங்கத்தார் அவர் நினைவாகக் கூட்டுரோட்டில் ஒரு கல் நட அனுமதி கேட்டார்கள். சாலையோரத்தில் எதையும் நடக்கூடாது என்று பதில் வந்தது. நட்டால்தானே பிடுங்குவார்கள், நடாமல் தோளில் தூக்கிக்கொண்டே போனால் என்ன செய்வார்கள் என்று யோசனை சொன்னதும் பச்சையம்மாள்தான். அப்படித்தான் கள்ளக்குறிச்சியில் எங்கள் பட்டறைக்கு அந்த வேலை வந்தது. மறியலில் சாய்த்த புளியமரத்திலேயே செதுக்க வேண்டும் என்று முதலில் தங்கதுரை ஒற்றைக்காலில் நின்றார். “கேக்க நல்லாத்தான் இருக்குது. உளி எறங்கணுமே” என்று எங்கள் ஆசாரி மறுத்துவிட்டார். கோயில் வாகனம் செய்கிற அத்தி மரத்தில், இடுப்பு வரைக்குமான உருவம் செதுக்கி, இரண்டு மூங்கில் செருகித் தூக்கும்படி பலகையில் பொருத்தினார்.

கலியமூர்த்திக்குச் சின்ன வயதில் பெரியம்மை வந்திருந்தது. கன்னம், நெற்றி, மூக்கு எல்லாம் தழும்பு. இருந்த ஒரே படம் கல்யாணத்தில் எடுத்தது. அதில் ஸ்டுடியோக்காரர் தழும்பையெல்லாம் பென்சிலால் தடவி மறைத்து, மாப்பிள்ளையை வழவழவென்று ஆக்கியிருந்தார். ஆகவே பச்சையம்மாள் பட்டறைக்கு வந்து உட்கார்ந்து, மரத்து முகத்தில் விரல் வைத்து வைத்துக் காட்டினாள். இங்கே ஆழம் ஜாஸ்தி, இங்கே கம்மி, இங்கே ரெண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று. அவள் விரல் எடுத்த இடத்தில் ஆசாரி உளி வைத்தார்.

தங்கதுரைக்கு அது பிடிக்கவில்லை. “ஒரு தலைவனாட்டம் செய்யச் சொன்னா, இப்பிடி மூஞ்சியெல்லாம் பள்ளம் பண்ணி வெச்சிருக்கீங்களே!”

“அவரு தலைவரு இல்லீங்களே. எங்க வூட்டுக்காரரு.”

“அதுக்கில்லமா. பளபளன்னு இருந்தா ஒரு இது.”

“சாமிக்குப் பளபளன்னு இருக்கட்டும். இவரு சாமியும் இல்ல.”

இந்த இடத்தில் நான் நுழைந்தேன். பளபளப்பு என்றால் என்ன என்று யாராவது பேச ஆரம்பித்துவிட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது. வழவழப்பான பரப்பில் விழுகிற வெளிச்சம் சிதறாமல் ஒரே பக்கமாகத் திரும்பிப் போகும். அது போகிற வழியில் உங்கள் கண் இருந்தால் வெள்ளையாக ஒரு பளிச். அதற்குக் கீழே என்ன நிறம், என்ன உருவம் என்று ஒன்றும் தெரியாது. சொரசொரப்பான பரப்போ வெளிச்சத்தை நாலாபக்கமும் தூவிவிடும். எங்கே நின்று பார்த்தாலும் நிறம் நிறமாகவே தெரியும், பள்ளம் நிழலாகத் தெரியும். அம்மைத் தழும்பு என்பது வேறொன்றும் இல்லை, சின்னச் சின்ன நிழல்கள். அதன்மேல் கனமாக வார்னிஷ் அடித்து மத்தியான வெயிலில் தூக்கினால், ஒவ்வொரு குழியும் சொட்டு நீர் மாதிரி மினுக்கும். முகம் முழுக்க வியர்த்த மாதிரி இருக்கும், முகம் இருக்காது.

“ஆரம்பிச்சிட்டான்யா வாத்தியாரு” என்றார் தங்கதுரை. “அப்ப ஒண்ணும் பூசாம வுட்டுடு.”

அதுவும் முடியாது. நான் சாயம் ஏற்றியது பொடி வர்ணத்தில் கோந்து கலந்து. எனாமலில் அந்தக் கரும்பழுப்புத் தோலின் நிறம் வராது, அதுவே மினுக்கும். ஆனால் கோந்துச் சாயம் ஒரு தூறலுக்குத் தாங்காது. மாலையில் இருந்து சொட்டுகிற தண்ணீருக்கே கரையும். தொட்டுக் கும்பிடுகிறவர்களின் கை இருக்கிறது, சூடத்தின் புகை இருக்கிறது. இதெல்லாம் படாமல் மேலே ஒரு தோல் வேண்டும். அந்தத் தோல் இருப்பதே தெரியக்கூடாது.

“நீ பூசறத பூசு. ஊரு பார்த்து சிரிச்சா நான் பதில் சொல்ல மாட்டேன்” என்று சொல்லிவிட்டுத் தங்கதுரை போய்விட்டார். பச்சையம்மாள் போகவில்லை.

“உங்களால ஆவுமா பெயிண்டரண்ணே?”

“சிலை மேல கைவெக்கறதுக்கு முன்ன துண்டுப்பலகையில போட்டுப் பார்க்கலாம், தங்கச்சி.”

மிச்சமிருந்த அத்திப் பலகையில் ஆசாரியைக் கொண்டு குழிகள் போடச் சொன்னேன். அதே சாயத்தை ஏற்றிக் காயவைத்தேன். முதல் துண்டுக்குத் தேன்மெழுகு. கல்வராயன் மலையிலிருந்து தேனோடு சந்தைக்கு இறங்குகிற மெழுகை டர்பன்டைனில் கரைத்துத் தேய்த்தால் அருமையான, அடக்கமான மினுக்கம் வரும். பார்த்ததும் எனக்கே ஆசையாக இருந்தது. ஓட்டு மேல் வெயிலில் வைத்தேன். மத்தியானம் எடுத்துப் பார்த்தால் மெழுகு இளகித் தெருப்புழுதி முழுவதையும் பிடித்து வைத்திருந்தது. கையில் ஒட்டியது. ஆயிரம் பேர் தொடப்போகிற முகத்துக்கு இது ஆகாது.

இரண்டாவது, பாண்டிச்சேரியிலிருந்து வரவழைத்த மங்கல் வார்னிஷ். அதில் மாவு மாதிரி ஒரு பொடி கலந்திருப்பார்கள். காய்ந்ததும் அந்தப் பொடி மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கும், மினுக்கம் போய்விடும். பொடி டப்பாவின் அடியில் போய் உட்காரும் என்பதால் கலக்கிக்கொண்டே பூச வேண்டும். கலக்கினேன். சமமான இடத்தில் கச்சிதமாக இருந்தது. ஆனால் குழிகளில் வார்னிஷ் தேங்கி, தேங்கிய இடத்தில் பொடியும் கூடி, காய்ந்தபோது ஒவ்வொரு குழியும் வெள்ளை பூத்துவிட்டது.

பச்சையம்மாள் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சட்டென்று கவிழ்த்து வைத்தாள். “வேணாண்ணே. மறுபடியும் அம்ம வாத்துருக்கற மாரி இருக்குது.”

மூன்றாவது என்று என்னிடம் ஒன்றும் இல்லை. சாதாரண வார்னிஷை அடித்து, நன்றாக இறுகிய பிறகு மேலே மட்டும் தேய்த்து மினுக்கத்தை எடுக்கலாம். உறுதியான தோலும் கிடைக்கும், வெளிச்சமும் சிதறும். ஆனால் கடையில் கிடைத்த உப்புத்தாள் எதில் தேய்த்தாலும் கோடு கோடாக விழுந்தது. அதை அவளிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் விளக்கியிருப்பேன் போல. அவள் நடுவிலேயே எழுந்து போய்விட்டாள்.

மறுவாரம் முந்தானையில் ஒரு கட்டு இலையோடு வந்தாள். மலையடிவாரத்தில் வளர்கிற பராய் மரத்து இலை. பூனை நாக்கு மாதிரி சொரசொரப்பாக இருக்கும். அவர்கள் பக்கம் கரிப்பிடித்த பாத்திரத்தை அதில்தான் தேய்ப்பார்கள்.

“அலுமினியத்துல தேச்சா பளபளப்பு போயிடுதுன்னு எங்க மாமியாரு என்னை வைவாங்க. அதான் ஞாபகம் வந்துச்சு. போவணும்னு தானே நீங்களும் சொல்றீங்க?”

இலையை ஊறவைத்து, தண்ணீரோடு, வட்டமாக, அழுத்தாமல் தேய்த்தேன். கோடு விழவில்லை. மூச்சுப் பட்ட கண்ணாடி மாதிரி மினுக்கம் அடங்கியது. வெயிலில் எந்தப் பக்கம் திருப்பினாலும் நிறம் அப்படியே நின்றது. ஆனால் குழிகளின் அடி மட்டும் பளிச் பளிச் என்றது. இலை அங்கே போகவில்லை.

பச்சையம்மாள் மூலையில் இருந்த விளக்குமாற்றிலிருந்து ஒரு குச்சியை ஒடித்தாள். இலையைக் கிழித்து அதன் நுனியில் சுற்றி, ஒரு குழிக்குள் விட்டுத் திருகினாள். பளிச் அணைந்தது. என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர்க் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினேன்.

சிலைக்கு வார்னிஷ் அடித்து, மோந்து பார்த்தால் வாடையே வராத அளவுக்கு இறுகவிட்டோம். சமமான பரப்பையெல்லாம் நான் தேய்த்தேன். முகத்துக் குழிகளை அவள் செய்தாள், ஒவ்வொன்றாக. ரொம்பத் தேய்த்தால் வார்னிஷ் அறுந்து சாயம் வெளியே வந்துவிடும் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். “எனக்குத் தெரியாத மூஞ்சியா?” என்றாள். முடித்தபோது சட்டையின் மேல், கழுத்தின் மேல், கன்னத்தின் மேல் எங்கும் ஒரே அடக்கம். கரும்பு வெட்டிவிட்டுக் கரையேறி நிற்கிற ஒரு மனிதர், நேராகப் பார்த்துக்கொண்டு.

ஊர்வலத்துக்கு முந்தின நாள் டிராக்டரில் ஏற்றி அவர்கள் ஊருக்கு அனுப்பினோம். மறுநாள் காலை நான் டவுன் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, தெரு நிறையக் கூட்டம். பச்சையம்மாள் வீட்டு வாசலில் பந்தல். பந்தலுக்குள் நுழைவதற்கு முன்பே வேப்பெண்ணெய் நாற்றம் அடித்தது. கலியமூர்த்தி தலையிலிருந்து இடுப்பு வரைக்கும் ஜொலித்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணத்தோடு அவருடைய அக்கா சின்னப்பொண்ணு. “புது மரமாச்சே. எண்ண காட்டாம வெயில்ல தூக்கினா வெடிச்சிப் பூடும். எங்க வூட்டுல ஏரு செஞ்சாலும் சரி, வண்டி செஞ்சாலும் சரி, மொதல்ல எண்ணதான். எந்தம்பிக்கு நான் செய்யக்கூடாதா?”

அவரைக் குறை சொல்ல வழியில்லை. ஒன்றும் பூசாத மரத்துக்கு அது சரியான வைத்தியம்; மரம் குடித்துக்கொள்ளும். வார்னிஷ் போட்ட மரத்தால் குடிக்க முடியாது. எண்ணெய் மேலேயே நிற்கும். இலை போட்ட நுணுக்கமான கீறல்களில் எல்லாம் நிரம்பிப் பரப்பைச் சமமாக்கிவிடும். சமமான பரப்பு கண்ணாடி. தூரத்திலிருந்து பார்த்தேன். பந்தல் இடுக்கு வெயிலில் நெற்றி ஒரு வெள்ளைத் திட்டு, கன்னம் ஒரு வெள்ளைத் திட்டு. ஆளைக் காணோம்.

தங்கதுரைக்கு வாயெல்லாம் பல். “இப்ப பாருய்யா! இது தலைவன். தூக்குங்கடா!”

“அண்ணே, இருங்க.” பச்சையம்மாள் பலகையின் மூங்கிலைப் பிடித்துக்கொண்டாள். “இதோட எடுக்க வேணாம்.”

“ஏம்மா, போலீஸ்காரன் உச்சிக்குள்ள முடிச்சிக்கினு கெளம்புன்னு சொல்லியிருக்கான். இப்பவே நேரமாயிப் போச்சு. ஒரு துணியால தொடச்சிட்டு வா.”

துடைத்தால் எண்ணெய் இன்னும் சீராகப் பரவும், அவ்வளவுதான். மண்ணெண்ணெய் ஊற்றினால் எண்ணெய் போகும். கூடவே புது வார்னிஷும் இளகும். அதன்மேல் சூடமும் கொளுத்தினால் கேட்கவே வேண்டாம். இதையெல்லாம் நான் வரிசையாக எடுத்துச் சொன்னேன்.

“எண்ண தேச்ச ஆளுக்கு இன்னாண்ணே செய்வோம்?” என்றாள் பச்சையம்மாள். “அரப்பு போட்டுக் குளிப்பாட்டுவோம்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “தங்கச்சி, கொஞ்சம் கேளு. அடியில இருக்கறது கோந்து சாயம். எங்கனா ஒரு குழியில வார்னிஷ் அறுந்திருந்தா தண்ணி உள்ள பூந்திடும். அத்தினி சனத்துக்கு முன்னாடி மூஞ்சி கரைஞ்சி வழியும். அப்புறம் தூக்கறதுக்கே ஒண்ணும் இருக்காது.”

“எண்ணயோட தூக்கினா மட்டும் அங்க மூஞ்சி இருக்குதா?”

நான் சிலையைத் திரும்பிப் பார்த்தேன்.

“ஏய் பச்சையம்மா, சனம் நிக்குது” என்றார் தங்கதுரை. “ஊரே ஒனக்காகக் காத்துக்கினு இருக்கணுமா?”

“எனக்காக இல்லண்ணே. அவருக்காகத் தானே வந்திருக்காங்க? அவரு குளிச்சிட்டு வருவாரு. அவசரம்னா நீங்க முன்ன போங்க. பலகை இங்கயே இருக்கும்.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தங்கதுரை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஆனால் போகவில்லை. சின்னப்பொண்ணுதான் முதலில் எழுந்தார். உள்ளே போய்க் குடத்தையும் அரப்புத் தூளையும் எடுத்து வந்தார். “ஏண்டி, எண்ண வெச்சது நானு. தண்ணியும் நானே ஊத்தறேன். நீ தேய்.”

பச்சையம்மாள் தூளைக் குழைத்து நெற்றியில் வைத்துத் தேய்த்தாள். கன்னம், மூக்கு, காதுமடல், கழுத்து. நுரை பழுப்பாகக் கிளம்பிப் பலகையில் வழிந்தது. கலியமூர்த்தியின் நிறமும் அந்தப் பழுப்புக்குப் பக்கம்தான். குனிந்து அந்த வழிசலை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். சாயமாக இருந்தால் வழுவழுவென்று மை மாதிரி ஒட்டும். இது நறநறவென்றது, இலைத்தூள். “ஊத்துங்கக்கா” என்றேன். சின்னப்பொண்ணு குடத்தைச் சாய்த்தார்.

தண்ணீர் இறங்கியது. சாயம் இறங்கவில்லை. வேட்டித் துணியால் ஒற்றி, ஈரம் ஆற விட்டோம். ஆற ஆற மினுக்கம் ஓரங்களிலிருந்து ஒடுங்கிக்கொண்டே வந்தது. முதலில் நெற்றி வந்தது. பிறகு கண்ணுக்குக் கீழே இருந்த தழும்புகள். பந்தலின் அந்தக் கோடியில் நின்றிருந்த ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

“தூக்குங்க” என்றாள் பச்சையம்மாள்.

கூட்டுரோட்டுக்குப் போனபோது சூரியன் தலைக்கு நேர் மேலே இருந்தது. அன்று வெட்டிய புளியமரத்தின் அடிக்கட்டையை ஒட்டிச் சாலையின் குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, “கீழ எதையும் வெக்கக் கூடாது. கயித்தத் தாண்டக் கூடாது. முடிச்சிட்டுக் கெளம்புங்க” என்றார்.

“நாங்க வெக்க வரலீங்க” என்றாள் பச்சையம்மாள். தூக்கியிருந்தவர்களைப் பார்த்து, “அண்ணே, கொஞ்சம் இப்பிடித் திருப்புங்க” என்றாள்.

கலியமூர்த்தி டீக்கடைப் பக்கம் திரும்பினார். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு மளிகைக் கடை. பிறகு உரக்கடை. அந்த வெயிலில் முகத்தில் ஒரு பொட்டுக்கூடப் பளிச்சிடவில்லை. எந்தக் கடையிலிருந்து பார்த்தாலும் அவர் அந்தக் கடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கோஷம் போட ஆரம்பித்த தங்கதுரையும் இரண்டு வார்த்தைக்கு மேல் போகாமல் நிறுத்திக்கொண்டார்.

“இன்னாம்மா பண்ணிக்கினு இருக்க?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“கடத்தெருவ காட்டறேன் சார். அவரு இந்தப் பக்கம் வந்து ஒரு வருஷமாச்சு.”

உரக்கடைக்காரர் உள்ளே போய்விட்டார். அடுத்தது சைக்கிள் கடை. அதன் முதலாளி பழனி பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த டியூபைக் கையிலேயே பிடித்தபடி நின்றார். அவரும் அன்று கடை சாத்தியிருந்தது என்று சொன்னவர்தான். சிலையின் முகத்தைப் பார்த்தார். தலையைக் குனிந்தார். மறுபடியும் பார்த்தார். டியூபைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டுவிட்டுச் சாலைக்கு இறங்கி வந்தார்.

“இங்க இல்லம்மா” என்றார். குரல் கம்மியாகத்தான் வந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, கடைத்தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். “மரத்தாண்ட ஒண்ணும் நடக்கல. தோ, அந்த மதகாண்ட அடிச்சாங்க. அங்கதான் விழுந்தாரு. நான் கடைக்குள்ளதான் இருந்தேன்.”

மதகு கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

“யோவ், உள்ள போய்யா” என்றார் இன்ஸ்பெக்டர்.

“போறேன் சார். இவருக்கு எடத்தக் காட்டிட்டுப் போறேன்.”

பழனி முன்மூங்கிலுக்குத் தோள் கொடுத்தார். பச்சையம்மாள் கயிற்றைப் பிடித்துத் தலைக்கு மேல் உயர்த்தினாள். பலகை கொஞ்சம் தாழ்ந்து, கயிற்றுக்கு அடியில் நுழைந்து, அந்தப் பக்கம் போய் நிமிர்ந்தது. ஒருவர் பின் ஒருவராக நாங்களும் போனோம்.